அமெரிக்க விண்ணப்பம் தடுக்கி விழுவது பள்ளி அலுவலக வாசலில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பம், கூடலூர், குமுளி என்று மலையின் இரு பக்கமும் இந்தக் கோடையில் ஒரே மாதிரி ஃபிளெக்ஸ் தொங்குகிறது: 'அமெரிக்காவின் டாப் பல்கலைக்கழகத்தில் 100 சதவீத ஸ்காலர்ஷிப்'. முழு உதவித்தொகை என்பது பொய்யல்ல. ஆனால் அதைக் கேட்டு வாங்கும் வழியை எந்த ஃபிளெக்ஸும் சொல்வதில்லை. கேரளத்தின் இடுக்கி மாவட்டத் தமிழ்வழிப் பள்ளிகளிலும் தேனி மாவட்டப் பள்ளிகளிலும் பிளஸ் டூ தொடங்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்களைவிட முக்கியமாக அந்தப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. 2024இல் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 54,008 பேர். இடம் கிடைத்தவர்கள் 1,937 பேர். நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கு இது இன்னும் இறுகும். ஆகவே 'உறுதியாக வாங்கித் தருகிறோம்' என்று எவர் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம். ஏஜென்சிகளுக்குக் கமிஷன் தருவது மாணவர் எண்ணிக்கைக்கு அலையும் கல்லூரிகள்தாம். நாம் பேசும் பல்கலைக்கழகங்கள் எவருக்கும் கமிஷன் தருவதில்லை. அதனால்தான் ஹார்வர்டு என்று தொடங்கும் பேச்சு மூன்றாவது சந்திப்பில் பெயர் கேள்விப்படாத ஏதோவொரு கல்லூரியில் போய் நிற்கிறது. (இடையில் ஒன்று: ஐவி லீக் என்பது ஹார்வர்டு உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்கள் மட்டுமே. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யும் ஸ்டான்ஃபோர்டும் அதில் இல்லை. இது தெரியாமல் 'ஐவி லீக் நிபுணர்' என்று பலகை மாட்டியவர்களும் உண்டு.)

நீட், ஜே.இ.இ. பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, விண்ணப்பம் என்றால் மாணவன் நிரப்பிப் பணம் கட்டிவிட்டு ஹால் டிக்கெட்டுக்குக் காத்திருப்பது. அமெரிக்க விண்ணப்பம் அப்படியல்ல. பாதியை மாணவன் எழுதுகிறான்; மீதிப் பாதியைப் பள்ளி எழுதுகிறது. நம் பக்கம் நல்ல பிள்ளைகளின் விண்ணப்பம் கவிழ்வது பெரும்பாலும் அந்த இரண்டாம் பாதியில்தான்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குப் பொதுவான இணையப் படிவம் 'காமன் ஆப்'. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று புதிதாகத் திறக்கும். எம்.ஐ.டி.க்கும் கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் தனித்தனிப் படிவம். காமன் ஆப்பில் 'கவுன்சிலர்' என்றொரு கட்டம் வரும். அமெரிக்கப் பள்ளியில் அதற்கென்றே ஆள் உண்டு; நம் பள்ளியில் இல்லை. அதைப் பார்த்ததும் மாணவன் ஏஜென்சிக்காரரின் பெயரையோ டியூஷன் மாஸ்டரின் பெயரையோ போட்டுவிடுகிறான். தவறு. அந்த இடத்தில் வரவேண்டியவர் பள்ளியின் தலைமையாசிரியர், கேரளத்தில் ஹயர் செகண்டரி பிரின்சிபால், அல்லது அவர் நியமிக்கும் ஆசிரியர். மாணவன் அவருடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்ததும் அவருக்கு அழைப்பு போகும். அவர் உள்ளே நுழைந்து பள்ளி அறிக்கை, மதிப்பெண் பட்டியல், பள்ளியைப் பற்றிய குறிப்பு, தன் கடிதம் ஆகியவற்றை ஏற்றவேண்டும். இவை தவிர, பாட ஆசிரியர் இருவர் தனித்தனியே கடிதம் எழுதவேண்டும். எம்.ஐ.டி. என்றால் ஒருவர் கணிதம் அல்லது அறிவியல், மற்றவர் மொழி அல்லது சமூக அறிவியல்.

இங்கே நடக்கும் சிறு விபத்துகளைச் சொல்லிவிடுகிறோம். அழைப்பு ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்து அக்டோபர் வரை கிடக்கும். பள்ளியின் பொது மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல் தெரிந்த கிளார்க் மாற்றலாகிப் போயிருப்பார். ஆசிரியர் 'நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுகிறேன்' என்பார். இவை எல்லாவற்றையும்விட மோசமானது, ஆசிரியர் பெயரில் மாணவனோ ஏஜென்சியோ ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து கடிதத்தைத் தாங்களே ஏற்றிவிடுவது. பல்கலைக்கழகம் பள்ளிக்குத் தொலைபேசியில் பேசிச் சரிபார்த்தால் கதை அங்கேயே முடிந்தது. சேர்ந்த பிறகு தெரிந்தாலும் விடமாட்டார்கள். பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் போலி மதிப்பெண் பட்டியலும், உயிரோடிருந்த தந்தைக்குப் போலி இறப்புச் சான்றிதழும் கொடுத்து முழு உதவித்தொகை வாங்கிய இந்திய மாணவர் 2024இல் கைதாகி, பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு ஊர் திரும்பியது செய்தியாக வந்ததே.

ஆசிரியர்களிடம் கேட்கவேண்டியது ஜூன், ஜூலையில். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு போய் நின்றால், நல்ல மனசுக்காரரும் நான்கு வரிதான் எழுதுவார்.

மதிப்பெண் பட்டியலுக்கு வருவோம். பல்கலைக்கழகங்கள் கேட்பது ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுகளுக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வீட்டில் பத்திரமாக இருக்கும். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணை யார் வைத்திருக்கிறார்கள்? முன்னேற்ற அட்டையைப் பள்ளி திரும்ப வாங்கியிருக்கும். பிள்ளை பத்தாவதுக்குப் பிறகு பள்ளி மாறியிருந்தால், மலை ஏறியோ இறங்கியோ பழைய பள்ளிக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்து, முத்திரையுடன் எழுதி வாங்கவேண்டும். இதை விடுமுறைக்குள் முடித்துவிட வேண்டும்.

எல்லை என்பதால் இங்கே இன்னொரு சிக்கல். கேரள எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் மதிப்பெண் இராது, கிரேடு மட்டுமே. பத்தாவதை மூணாறிலோ வண்டிப்பெரியாற்றிலோ முடித்துவிட்டு, கம்பத்திலோ போடியிலோ பிளஸ் ஒன் சேர்ந்த பிள்ளையின் பட்டியலில் பாதி ஏ பிளஸ், மீதி நூற்றுக்கு இத்தனை என்று வரும். தமிழ்நாட்டில் 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. அந்த மதிப்பெண்ணுக்கு இனி அரசுச் சான்றிதழ் கிடையாது, பள்ளியின் முத்திரைதான் சாட்சி. இதையெல்லாம் அங்கே படிக்கும் சேர்க்கை அதிகாரிக்கு நம் முறை தெரிந்திருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்? அதற்காகத்தான் பள்ளிக் குறிப்பு என்ற ஓரிரு பக்கத் தாள். பள்ளி எங்கே இருக்கிறது, எந்த வாரியம், எந்தப் பயிற்றுமொழி, பிளஸ் டூவில் எத்தனை பேர், என்னென்ன குரூப், ஏ பிளஸ் என்றால் 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும், பதினொன்றாம் வகுப்புத் தேர்வை நடத்தியது யார், பள்ளியில் என்ன இல்லை என்று எழுதினால் போதும். என்ன இல்லை என்பது முக்கியம். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பே இல்லாத பள்ளியில் படித்தவன் அதை ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். ஒருமுறை எழுதி வைத்தால் ஆண்டுக்கு ஆண்டு எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தலைமையாசிரியர்கள் இந்த ஒரு தாளுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் பெரும் உபகாரம்.

மதிப்பெண்ணை அமெரிக்காவின் 4.0 அளவுக்கு மாற்றித் தருகிறோம் என்று பணம் வாங்குகிறார்கள். வேண்டவே வேண்டாம். பள்ளி எந்த அளவில் தருகிறதோ அதையே அப்படியே அனுப்பவேண்டும். பள்ளி ரேங்க் போடாவிட்டால் 'ரேங்க் இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கற்பனையாக 'முதலிடம்' என்று எழுதவேண்டாம். அவர்கள் முடிவெடுப்பது நம் பொதுத்தேர்வுக்கு முன்பே என்பதால், பன்னிரண்டாம் வகுப்பில் அவர்கள் பார்க்கப்போவது காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்தான்; கேரளத்தில் ஓணப் பரீட்சையும் கிறிஸ்துமஸ் பரீட்சையும். 'அரையாண்டுதானே' என்று கைவிட்டவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரியில் போகும் இடையாண்டு அறிக்கையில் அது அப்படியே தெரியும்.

ஆசிரியர் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். நம் பழக்கம் நன்னடத்தைச் சான்றிதழ் எழுதுவது: 'ஒழுக்கமானவள், கீழ்ப்படிதல் உள்ளவள், எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண், வாழ்வில் சிறக்க வாழ்த்துகிறேன்.' இப்படி ஆயிரம் கடிதம் அங்கே குவிந்திருக்கும். மதிப்பெண் பட்டியலில் உள்ளதைக் கடிதத்தில் திரும்பச் சொல்வதால் பயனில்லை. வேதியியல் ஆசிரியர் இப்படி எழுதலாம்: 'பருமனறி பகுப்பாய்வில் வகுப்பு முழுவதும் கிடைத்த முதல் அளவை எழுதிவிட்டுக் கிளம்பியபோது, பியூரெட்டில் இரண்டு முறைக்கும் 0.3 மி.லி. வித்தியாசம் வருகிறது என்று இவள் நின்றாள். குழாயின் அடியில் காற்றுக் குமிழி இருந்ததை அவளே கண்டுபிடித்தாள். மறுநாள் அடுத்த பெஞ்சுக்காரர்களுக்கும் அதைக் காட்டிக்கொடுத்தாள்.' நான்கு வரி. இது ஒரு பிள்ளையைக் கண்முன் நிறுத்துகிறது. அவள் சக மாணவர்களோடு எப்படிப் பழகுவாள் என்பதையும் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதக் கூச்சப்படும் ஆசிரியர் முதலில் தமிழிலோ மலையாளத்திலோ எழுதட்டும். பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்து, மூலமும் மொழிபெயர்ப்பும் சேர்ந்தே போகட்டும். எளிய ஆங்கிலம் குறையல்ல. கூகுளில் கிடைக்கும் மாதிரிக் கடிதம்தான் குறை. காமன் ஆப்பில் மாணவனிடம், 'இந்தக் கடிதங்களைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா' என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று சொல்வதே முறை. பார்க்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டால் கடிதத்தின் மதிப்பு குறையும்.

அடுத்து பெயர். இனிஷியல் வைத்து வாழும் நமக்கு இது தனித் தொல்லை. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வுக் கணக்கில் இனிஷியலே இல்லாமல் என்று ஒரே பிள்ளை நான்கு பேராக நிற்கும். மதிப்பெண்ணும் விண்ணப்பமும் கணினியில் ஒன்றோடொன்று ஒட்டாது. பத்தாவது முடித்ததும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டு, அதில் உள்ள எழுத்தையே எல்லா இடத்திலும் போடுவது ஒன்றுதான் வழி. பாஸ்போர்ட்டில் கொடுத்த பெயர், குடும்பப் பெயர் என இரண்டு வரிகளும் நிரம்பியிருக்கட்டும். கொடுத்த பெயர் வரி காலியாக இருந்தால் விசாவில் முதல் பெயர் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகிவிடும். 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம் அது. பிறகு அங்கே வங்கிக் கணக்கு திறக்கும்போதும் ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதும் அதுவே பெயராக ஒட்டிக்கொள்ளும்.

சாட் தேர்வைச் சுருக்கமாகச் சொல்லலாம், பயிற்சி மையங்கள் அதைப் பற்றி நிறையவே பேசுகின்றன. மொத்தம் 2 மணி 14 நிமிடம். படித்தல்-எழுதுதலில் 54 கேள்வி, கணிதத்தில் 44, முழு மதிப்பெண் 1600. ஒவ்வொரு பகுதியிலும் முதல் பாதியை எப்படி எழுதுகிறோமோ அதைப் பொறுத்து இரண்டாம் பாதி கடினமாகவோ எளிதாகவோ வரும். ஆகவே முதல் பாதியில் அவசரப்பட்டு விடும் தவறு இரட்டை நஷ்டம். 2023 மார்ச்சிலிருந்து வெளிநாடுகளில் முழுக்கக் கணினியில்தான். விண்டோஸ் லேப்டாப், மேக், ஐபேட் ஆகியவற்றில் 'புளூபுக்' செயலி ஓடும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஓடாது, செல்பேசியில் ஓடவே ஓடாது. இது தெரியாமல் டேப்லெட்டோடு போய் வாசலில் நின்றால் யாரும் உதவமுடியாது. அதே செயலியில் முழு மாதிரித் தேர்வுகளும், கான் அகாடமியில் பயிற்சியும் இலவசம். அவற்றை முடிக்காமல் எந்தக் கோச்சிங்குக்கும் பணம் கட்டவேண்டாம். கட்டணம் சுமார் 111 டாலர், கிட்டத்தட்ட பத்தாயிரம் ரூபாய். வெளிநாட்டு மாணவர்களுக்குத் தள்ளுபடி கிடையாது. எம்.ஐ.டி., ஹார்வர்டு, டார்ட்மத், பிரவுன், கார்னெல், ஸ்டான்ஃபோர்டு ஆகியவை 2025-26 விண்ணப்பப் பருவத்தில் மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியவை. கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் கொடுத்தாலும் பார்க்காது. ஆகஸ்ட், அக்டோபர் தேர்வுகளைக் குறிவைப்பது நல்லது. நவம்பர், டிசம்பரில் துலாவர்ஷ (வடகிழக்குப் பருவ) மழையில் போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்தால் தேர்வு மையத்துக்கு இறங்க வழியிராது.

பாடத்துக்கு வெளியே செய்தவை என்று பத்துக் கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க இடைவெளியும் சேர்த்து 150 எழுத்து, கூடவே வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம். இங்கே நம் பிள்ளைகள் வெறும் கையோடு நிற்பதாக நினைத்துக்கொண்டு, ஆன்லைனில் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்குகிறார்கள். அந்தப் பட்டியலில் 'குடும்பப் பொறுப்பு' என்றும், 'சம்பளத்துக்கு வேலை' என்றும் தனி வகைகள் இருப்பதைப் பலர் பார்ப்பதேயில்லை. அம்மா எஸ்டேட்டுக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது, சனிக்கிழமை ஏலக்காய் ஸ்டோரில் (காய் உலர்த்தும் கூடத்தில்) காய் பிரிப்பது, கடையில் கணக்கு எழுதுவது எல்லாமே அங்கே வரும். வாரம் 12 மணி, ஆண்டுக்கு 30 வாரம் என்று உண்மைக் கணக்கை எழுதினால் எந்த ரோபோட்டிக்ஸ் சான்றிதழுக்கும் அது குறைந்ததல்ல. ஆனால் எல்லாக் கட்டத்தின் மணிகளையும் கூட்டிப் பார்க்கவும். வாரத்துக்கு 90 மணி வந்தால் தூங்குவது எப்போது?

விண்ணப்பத்தோடு போகும் கட்டுரை 250 முதல் 650 சொல். வறுமையைச் சொல்லி இரக்கம் கேட்பதும், அப்துல் கலாமின் பொன்மொழியில் தொடங்குவதும், 'சிறு வயதிலிருந்தே கனவு' என்பதும் இங்கிருந்து போகும் கட்டுரைகளின் பொதுநோய். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் ஏலக்காய்க்கு ஒரு விலை, கீழே விழும் காய்க்கு வேறு விலை. இரண்டும் ஒரே செடியில் காய்த்தவைதானே என்று ஒரு பிள்ளை யோசித்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று எழுதினால் அது அந்தப் பிள்ளை மட்டுமே எழுதக்கூடியது. ஏஜென்சியோ செயற்கை நுண்ணறிவோ எழுதியது வழுவழுப்பாக இருக்கும். ஆசிரியர் கடிதத்தில் வரும் பிள்ளையோடு ஒட்டாது. 'இது என் சொந்த எழுத்து' என்று கடைசியில் உறுதிமொழி தந்துதான் அனுப்பவே முடியும்.

இனிப் பணம். அதிகத் தவறு நடக்கும் இடம் இது. 2025-26இல் ஹார்வர்டில் ஓர் ஆண்டுக்குக் கல்விக்கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 86,926 டாலர், அதாவது 75 லட்சம் ரூபாய்க்கு மேல். தலை சுற்றுகிறதா? குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்குக் கீழே இருந்து, சொத்தும் அதற்கேற்ப இருந்தால் பெற்றோர் கட்டவேண்டியது பூஜ்யம் என்று ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் அதே ஆண்டு முதல் அறிவித்திருக்கின்றன. பிரின்ஸ்டனில் அந்த வரம்பு ஒன்றரை லட்சம் டாலர். ஒரு லட்சம் டாலர் என்றால் 85 லட்சத்துக்கு மேல். நம் பக்கத்தில் அதற்கு மேல் சம்பாதிப்பவர் எத்தனை பேர்? ஆக, நம் பிள்ளைக்கு மிக அதிக விலை போட்ட கல்லூரியே சில சமயம் மிக மலிவான கல்லூரி.

ஆனால் எல்லாக் கல்லூரியும் அப்படியல்ல. 'பணம் வேண்டும்' என்று கேட்பதைப் பார்க்காமலே வெளிநாட்டு மாணவரைத் தேர்ந்தெடுத்து, தேவை முழுவதையும் தருபவை ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், பிரவுன், ஆம்ஹெர்ஸ்ட், நோட்ரே டேம் உட்படச் சிலவே. ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, கார்னெல், பென்சில்வேனியா, டியூக் ஆகியவை உதவி தரும்; ஆனால் தேர்வு செய்யும்போதே பணத்தேவையையும் எடைபோடும். கார்னெலில் இந்தியக் குடிமக்களுக்கென்றே டாடா ஸ்காலர்ஷிப் இருப்பதை நினைவில் வைக்கலாம். கலிஃபோர்னியா, மிச்சிகன் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களிடம் வெளிநாட்டு மாணவர்க்கு அப்படிப்பட்ட உதவி கிடையாது. இடம் கிடைத்தும் போகமுடியாமல் அழுவதைவிட அந்த விண்ணப்பக் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம். இப்போது ஒரு பொறி. 'உதவி கேட்டால் சீட் கிடைக்காது, வேண்டாம் என்று போடு, சேர்ந்தபிறகு கேட்டுக்கொள்ளலாம்' என்று இங்கே யோசனை சொல்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு ஆண்டுக்கும் கேட்கமுடியாது. வேறு பல இடங்களிலும் ஏறக்குறைய இதே விதிதான்.

நவம்பர் 1 வாக்கில் முடியும் முன்கூட்டிய விண்ணப்பத்தில் இரண்டு வகை. 'ஏர்லி டிசிஷன்' என்றால் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும், ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். தலைமையாசிரியரும் பெற்றோரும் கையெழுத்திடவேண்டும். தந்த உதவி போதாவிட்டால் விலகிக்கொள்ளலாம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டில் உள்ளது 'ஏர்லி ஆக்‌ஷன்'. சேரக் கட்டாயமில்லை, ஆனால் வேறு தனியார் பல்கலைக்கழகத்துக்கு அதே முன்கூட்டிய சுற்றில் போடக்கூடாது. சாதாரணச் சுற்று ஜனவரி முதல் வாரத்தில் முடியும்.

உதவி கேட்கும் படிவத்தின் பெயர் சி.எஸ்.எஸ். புரொஃபைல். சில பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தப் படிவம் உண்டு. ரூபாயிலேயே நிரப்பலாம். மாத வருமானத்தை ஆண்டுக் கட்டத்தில் போடுவதும், லட்சத்தில் ஒரு பூஜ்யம் தவறுவதும் அன்றாடம் நடப்பவை; கட்டத்தைப் பெரியவர் ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர் நிரப்புவது நல்லது. எஸ்டேட் தொழிலாளி வீட்டுக்குக் கணக்கு எளிது: சம்பளச் சீட்டு, பி.எஃப்., லயத்தில் (எஸ்டேட்டின் வரிசைக் குடியிருப்பில்) வீடு. ஏலத் தோட்டக்காரர் வீட்டுக்குத்தான் தலைவலி. கல்லூரிகள் கேட்பது வருமான வரித் தாக்கல்; நம்மிடம் விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை என்பதால் பலர் தாக்கல் செய்வதே இல்லை. அப்படியானால் 'தாக்கல் செய்யவில்லை, காரணம் இது' என்று கையெழுத்திட்ட விளக்கம், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கின் 12 மாத அறிக்கை, போடியிலோ புற்றடியிலோ காய் விற்ற ஏல பில்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். பில் தொகையையே வருமானம் என்று எழுதிவிடாதீர்கள். பச்சைக்காய் ஐந்து கிலோ உலர்ந்தால்தான் ஒரு கிலோ. பறிப்புக் கூலி, உரம், மருந்து, ஸ்டோருக்கு விறகு எல்லாம் கழித்த மிச்சம்தான் வருமானம். செலவை ஒரு தாளில் மாதவாரியாக எழுதி இணைக்கலாம். சில கல்லூரிகள் விவசாயத்துக்கென்றே தனி இணைப்புப் படிவம் கேட்கும்.

வருமானச் சான்றிதழிலும் ஒரு குழி இருக்கிறது. தமிழ்நாட்டில் இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடமும், கேரளத்தில் அக்ஷயா மையம் வழியாக வில்லேஜ் ஆபீசரிடமும் வாங்குவது. பள்ளி உதவித்தொகைக்காக எப்போதோ 72,000 ரூபாய் என்று வாங்கிய பழைய சான்றிதழை இதற்கும் இணைத்துவிட்டு, வங்கி அறிக்கையில் ஆண்டுக்கு ஆறு லட்சம் வந்துபோவதைக் காட்டினால் எதை நம்புவார்கள்? அவர்கள் ஏழைகளை மட்டும் தேடவில்லை. இரண்டு தாளும் ஒரே கதையைச் சொல்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஆறு லட்சமும் அவர்கள் கணக்கில் முழு உதவிக்குரிய வருமானமே, மறைக்க என்ன இருக்கிறது? தாத்தா பெயரில் பட்டா உள்ள நிலத்தை அப்பாவின் சொத்தாகப் போடவேண்டாம். அது யாருடையது, அதிலிருந்து வீட்டுக்கு என்ன வருகிறது என்பதைச் சிறப்புச் சூழ்நிலைக் கட்டத்தில் எழுதவும். நகைக்கடன், சீட்டுப்பணம், பாட்டியின் மருத்துவச் செலவு எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டம்தான் இடம்.

விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் கல்லூரிக்கு 75 முதல் 90 டாலர் வரை. கட்டமுடியாதவர்கள் விலக்குக் கேட்கலாம். பெரும்பாலான தனியார் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் என்பதால் மறுக்கப்படுவதில்லை, பள்ளி அதை உறுதிசெய்தால் போதும். சி.எஸ்.எஸ். படிவத்துக்கு முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. விலக்குக்கான குறியீட்டைச் சில கல்லூரிகள் மின்னஞ்சலில் கேட்டால் தருகின்றன. பணம் கட்டுவோர் கவனத்துக்கு: நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முதலில் அணைந்தே இருக்கும். வங்கிச் செயலியில் அதை இயக்காமல் டிசம்பர் 31 இரவு கட்டணம் கட்டமுயல்வது வழக்கமான சோகம். அதைவிடச் சோகம் நேரக் குழப்பம். 'அமெரிக்கா நமக்குப் பத்து மணி நேரம் பின்னால், நாளைக் காலை வரை நேரம் இருக்கிறது' என்பார்கள். காமன் ஆப்பில் கடைசி நேரம் விண்ணப்பிப்பவரின் ஊர் நேரப்படி இரவு 11.59. கம்பத்தில் மணி பன்னிரண்டு அடித்தால் முடிந்தது.

அனுப்பிய பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனி இணையவாசலும் கடவுச்சொல்லும் அனுப்பும். எது வந்தது, எது வரவில்லை என்ற பட்டியல் அங்கேதான். ஆசிரியர் கடிதம் வரவில்லை என்று சிவப்பில் இருந்தால் பதறவேண்டாம். வந்ததைக் கோப்பில் சேர்க்கவே அவர்களுக்குச் சில நாள் பிடிக்கும். இரண்டு வாரம் தாண்டினால் மட்டும் மறுபடி அனுப்பச் சொல்லவும். அந்தப் பல்கலைக்கழகத்தின் சார்பில் அதன் முன்னாள் மாணவர் யாரும் நேர்காணலுக்கு அழைக்காவிட்டாலும் நஷ்டமில்லை; எல்லாரையும் அழைக்க அவர்களிடம் ஆளில்லை.

முடிவு மார்ச் கடைசியில் வரும், மே 1க்குள் பதில் சொல்லவேண்டும். கிடைத்தவர்களுக்கு மூன்று விஷயம். சேர்க்கைக்குச் சான்றாகக் கல்லூரி அனுப்பும் ஐ-20 தாள் வந்ததும், மாணவர் பதிவுக்காக அமெரிக்க அரசு வாங்கும் செவிஸ் கட்டணம் 350 டாலர், விசாக் கட்டணம் 185 டாலர் கட்டவேண்டும். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகமே. 2025 ஜூன் முதல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்துவைக்கச் சொல்கிறார்கள். இரண்டாவது, முழு உதவித்தொகை என்றாலும் கல்விக்கட்டணப் பகுதிக்குத்தான் அமெரிக்க வரி இல்லை. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தரும் பகுதியில் 14 சதவீதம் பிடிப்பார்கள். 20,000 டாலருக்கு 2,800. இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி கழிவு உண்டு. அடுத்த வசந்தத்தில் வரிப் படிவம் தந்தால் பெரும்பகுதி திரும்பும். முதல் ஆண்டுக்கு மட்டும் கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, மறுபடியும் பள்ளி அலுவலகம். பிளஸ் டூ முடிவு மே மாதத்தில் வரும்போது பள்ளி விடுமுறையில் இருக்கும். இறுதி மதிப்பெண்ணையும் இறுதி அறிக்கையையும் தலைமையாசிரியரே தன் கணக்கிலிருந்து ஜூலைக்குள் ஏற்றவேண்டும். அவர் மே 31 அன்று ஓய்வுபெறுகிறவராக இருந்தால், அடுத்து பொறுப்பேற்பவரின் மின்னஞ்சலை முன்கூட்டியே கல்லூரிக்கு எழுதித் தெரிவித்துவிடவும்.

இப்படிக்கு,
எல்லைப்புறப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
கூடலூர், தேனி மாவட்டம்.